பித்தளைக் குழலை விழுங்கிய ஆடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கூடத்தில் என் தம்பி மகன் டிவியோடு எதையோ இணைத்துக்கொண்டிருந்தான். சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு வயரோடுதான் வருவான். இந்த முறை கையில் கனமான ஒரு அட்டைப்பெட்டி. பழைய காலத்துக் கார்ட்டூன் குறும்படங்களையெல்லாம் எங்கெங்கோ தேடிப்பிடித்து, கீறல்களைத் துடைத்து, வண்ணத்தைத் துலக்கி, டிஸ்க்குகளாகப் போட்டு வெளியிட்டிருக்கிறார்களாம். “தாத்தா பொறக்கறதுக்கு முன்னாடி எடுத்த படமெல்லாம் இருக்கு அத்தை” என்றான். இருக்கட்டும், எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது என்றேன்.

கொஞ்ச நேரத்தில் கூடத்திலிருந்து இசை வந்தது. குதித்துக் குதித்து ஓடுகிற பழைய காலத்து இசை. நடுவில் ஒரு ஆடு கத்தியது. கத்தலின் முடிவில், பேண்டு வாத்தியக்காரர்கள் இழுத்து ஊதுவார்களே, அந்தப் பெரிய பித்தளைக் குழலின் சத்தம் நீளமாக வந்து தொங்கியது. நான் மாவைப் பார்த்தேன். என் வலது கை அதைப் பிசையவில்லை. அமுக்குகிறது, விடுகிறது. நிறுத்துகிறது. மறுபடி அமுக்குகிறது. மாவு மணத்துக்கு நடுவே எங்கிருந்தோ சூடான ரப்பர் வாடை.

கை கழுவாமலே கூடத்துக்குப் போய் நின்றேன். திரையில் அந்த ஆடு நின்றது. தலையில் பச்சைத் தொப்பி. நான் சிவப்பு என்று சொல்லியிருந்தேன்.

யாரிடம் சொன்னேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால், உங்களை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பின் ஆர்ச்சுக்கு வெளியே, மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கன்னியர் மடத்தார் நடத்திவந்த சின்ன ஆஸ்பத்திரி அது. குவார்ட்டர்ஸில் இருக்கிற பர்மனென்ட் குடும்பங்களுக்கு உள்ளேயே மருத்துவ வசதி இருந்தது. எங்களிடம் வருகிறவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள், முந்திரிக்காட்டு ஊர்க்காரர்கள், நெசவாளிகள். நான் நர்சிங் முடித்து வேலையில் சேர்ந்த புதிது. எத்தனை ஹேர்பின் குத்தினாலும் என் வெள்ளைத் தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். பெரிய சிஸ்டர் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் ஒன்றும் சொல்லாமல் அதை நிமிர்த்திவிட்டுப் போவார். நெஞ்சில் தைரியம் இல்லாதவர்களுக்குத்தான் தொப்பி நிற்காது என்று அப்போது எனக்கு ஒரு எண்ணம்.

என்னைப் போட்டிருந்தது குழந்தைகள் வார்டில். அங்கே ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு குடும்பம், ரிட்டயர் ஆகிச் சொந்த ஊருக்குப் போகும்போது தங்கள் விசிஆரை வார்டுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. கொடுக்கும்போது உள்ளேயே ஒரு கேசட் மாட்டிக்கொண்டிருந்தது. அதுதான் வார்டின் ஒரே கேசட். மூன்று கார்ட்டூன்கள். பித்தளைக் குழலை விழுங்கிவிட்டு வாயைத் திறந்தாலே வாசிக்கிற ஆடு. தும்மித் தும்மிச் சக்கரங்களை உதிர்க்கிற ஒரு ரயில். புளித்துப் பொங்கின மாவு கடையை விட்டு வெளியே வழிய, அதன் பின்னாலேயே ஓடுகிற ஒரு கரடி. யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள், எல்லாம் இசைதான். வார்டு உதவியாளர் ஆரோக்கியசாமி அண்ணனுக்கு மட்டும்தான் அந்த விசிஆரின் குணம் தெரியும். பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார், ஓடும். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடக்கிற பிள்ளைகளுக்கு அந்த இசை மனப்பாடம்.

ஆடி மாதம். ராத்திரி மழை பெய்து விடிந்த ஒரு காலை. கொளஞ்சி என்கிற பெண், தோளில் தன் மகளைப் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மகள் பெயர் அஞ்சலாட்சி. இரண்டாம் வகுப்பு.

“வவுத்த வலிங்க. விடியக்காலத்துலருந்து வாந்தி. நேத்து கோயில்ல கூழு ஊத்துனாங்க, அத குடிச்சிதுங்க. அதான் ஒத்துக்கல.”

கூழ்தான் என்று நானும் நினைத்தேன். உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணீர் கலக்கப் போனேன். எங்கள் டாக்டரம்மா குரலை உயர்த்தத் தெரியாத குள்ளமான மனுஷி. அவர் சிறுமியை மேசையில் உட்காரவைத்து, “என்னப் பாரு கண்ணு” என்றார். அஞ்சலாட்சி தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மோவாயைத் தூக்கிக்கொண்டு பார்த்தாள். இமைகள் மேலே ஏறவில்லை. அவற்றுக்குக் கீழே இருந்த சந்து வழியாகத்தான் அவளால் பார்க்க முடிந்தது. டாக்டரம்மா கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ராத்திரி தரையிலயா படுத்தீங்க?”

“ஆமாங்க. வூட்டுக்குள்ளாரதான். மழ பேஞ்சுதுன்னு.”

உடம்பு முழுக்கத் தேடினோம். ஒரு தடமும் இல்லை. டாக்டரம்மா என் பக்கம் திரும்பி ரொம்ப மெதுவாக, “கட்டுவிரியன்” என்றார். அந்தப் பாம்பு கடித்தால் வலிக்காது, வீங்காது. தூங்குகிற பிள்ளை புரண்டு படுத்துக்கொள்ளும். காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுந்து உட்காரும். அதற்குள் விஷம் நரம்புக்குள் போயிருக்கும்.

ஃபிரிட்ஜிலிருந்த விஷமுறிவு மருந்து எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னார். டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போதே அஞ்சலாட்சியின் குரல் மூக்கால் வர ஆரம்பித்தது. தண்ணீர் கேட்டாள். கொடுத்தால் மூக்கு வழியாக வந்தது. கழுத்து நிற்கவில்லை. கை நிற்கவில்லை. கடைசியில் நெஞ்சும் ஏறி இறங்கத் தயங்கியது. டாக்டரம்மா தொண்டைக்குள் குழாய் போட்டு, அதன் முனையில் ரப்பர் பையை மாட்டி என் கையில் கொடுத்தார். ஆம்பு பேக் என்போம். அமுக்கினால் நோயாளியின் நெஞ்சு எழும், விட்டால் அடங்கும். அமுக்குகிற கை நின்றால் மூச்சும் நின்றுவிடும்.

செயற்கை மூச்சு இயந்திரம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான். பெரியவர்கள் பிரிவில், நெஞ்சுச் சளி முற்றிய ஒரு முதியவருக்கு அது ஓடிக்கொண்டிருந்தது. பாண்டிச்சேரிக்கு அனுப்பலாமா என்று பெரிய சிஸ்டர் கேட்டார். அந்த ரோடு குண்டும் குழியுமாக இருந்த காலம். போகிற வழியில் குழாய் நழுவினால் வண்டிக்குள் மறுபடி போட முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். “கையாலயே ஓட்டுவோம். விஷம் எறங்கற வரைக்கும்.”

எப்போது இறங்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அவருக்குத் தெரியாது.

அஞ்சலாட்சியின் அப்பா கலியபெருமாள் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனவருக்கு அங்கே சேதி சொல்லியிருக்கிறார்கள். அப்படியே வந்து நின்றார். காது மடல், புருவம், நகக்கண் எல்லாம் கரித்தூள். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிப் பையை அவரிடம் கொடுத்தேன். என் மணிக்கட்டு மரத்துப் போயிருந்தது. இன்னொரு நர்ஸ் பெரியவர்கள் பிரிவில். சளி உறிஞ்சி எடுக்க, டிரிப் பார்க்க, நாடி பார்க்க எனக்குக் கை வேண்டும்.

“நீங்க மூச்சு விடற வேகத்துலயே அமுக்குங்க” என்று சொல்லிக்கொடுத்தேன். அது தப்பான யோசனை என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. அந்த மனிதருக்குப் பயத்தில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அந்த வேகத்திலேயே மகளுக்கும் காற்றடித்தார். “என்னோட மூச்சப் பாத்து அமுக்குங்க” என்று மாற்றினேன். அதற்காக நான் நிதானமாக மூச்சு விட வேண்டியதாயிற்று. எனக்குள்ளே என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

தனி அறை கிடையாது. வார்டின் மூலையில் ஒரு மறைப்புத் துணி, அதற்குப் பின்னால் நாங்கள். மற்றப் பிள்ளைகள் பயந்து அழத் தொடங்கியிருந்தார்கள். ஆரோக்கியசாமி அண்ணன் யாரையும் கேட்காமல் விசிஆரை ஒரு தட்டுத் தட்டினார். ஆடு கத்தியது.

அப்போதுதான் டாக்டரம்மா அந்த விஷயத்தைச் சொன்னார். “இந்தப் புள்ள மயக்கத்துல இல்ல. கண்ணத் தெறக்க முடியல, விரல அசைக்க முடியல, அவ்வளவுதான். நாம பேசறது எல்லாம் அவளுக்குக் கேக்கும். யாராவது அவ கிட்ட பேசிக்கிட்டே இருங்க.”

அதுவரை அந்தப் படுக்கைக்கு மேலே நாங்கள் என்னவெல்லாம் பேசியிருந்தோம். பிழைக்குமா என்று பெரிய சிஸ்டர் கேட்டது, டாக்டரம்மா பதில் சொல்லாதது, எல்லாவற்றையும் அவள் கேட்டிருக்கிறாள்.

கொளஞ்சியால் பேச முடியவில்லை. வாயைத் திறந்தாலே ஒப்பாரியாக வந்தது. கலியபெருமாளுக்குப் பேச்சு வரவில்லை, கை மட்டும்தான் வேலை செய்தது. மிச்சம் நான். முன்பின் தெரியாத ஒரு குழந்தையிடம், அதுவும் பதில் பேச முடியாத குழந்தையிடம் என்ன பேசுவீர்கள்? பேர் கேட்க முடியாது, என்ன படிக்கிறாய் என்று கேட்க முடியாது. நின்ற இடத்திலிருந்து மறைப்புத் துணியின் இடைவெளி வழியாக டிவி தெரிந்தது. அதையே சொல்ல ஆரம்பித்தேன்.

“அஞ்சலாட்சி, இப்ப கேக்குது பாரு, அது ஒரு ஆடு. தலையில செவப்புத் தொப்பி வச்சிருக்கு. யாரோ பேண்டுக்காரரு குழல கீழ வச்சுட்டுப் போயிட்டாரு. அத தழைன்னு நெனச்சு முழுங்கிடுச்சு. இப்ப மேன்னு கத்தப்போகுது. என்ன வருது பாரு.”

பாஆஆம் என்று குழல் ஊதியது. கறுப்பு வெள்ளை டிவியில் தொப்பியின் நிறம் எனக்கு எப்படித் தெரியும்? இமை திறக்காத குழந்தைக்குச் சாம்பல் நிறத் தொப்பி என்று சொல்ல மனம் வரவில்லை.

ரயில் கதைதான் பெரிய தொல்லை. அதில் இசை ஏறிக்கொண்டே போகும். தும்மல் வரவர வேகம் கூடும். கலியபெருமாள் கையும் கூடவே ஓடியது. “பாட்டு வேகத்துக்கு அமுக்காதீங்க. என்னப் பாருங்க” என்று நான் அதட்டினேன். அவர் திடுக்கிட்டு என் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பார், கூச்சத்தோடு கண்ணைத் தாழ்த்திக்கொள்வார், மறுபடி பார்ப்பார். வேறு வழியில்லை. அந்த ரயில் கடைசியில் என்ன ஆகிறது என்று என்னால் ஒரு தடவைகூடச் சொல்லி முடிக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது சளி அடைக்கும், நான் குழாயோடு குனிய வேண்டியிருக்கும். கேசட் முடியும். ஆரோக்கியசாமி அண்ணன் பின்னுக்குச் சுற்றுவார். மறுபடி ஆடு.

மதியத்துக்கு மேல் கொளஞ்சியின் அண்ணன் தண்டபாணி வந்தார். வாசலில் ஒரு டெம்போ வேன், உடன் நாலைந்து பேர். மறைப்புத் துணியை விலக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். குழந்தை அந்தக் கோலத்தில் கிடந்தாள். வாயில் குழாய், பாதி மூடிய இமைக்குள் அசையாத கண். அவள் கையைத் தொட்டுப் பார்த்தார். தூக்கி விட்டார். அது துணி போல விழுந்தது.

“எந்நேரமா இப்பிடிக் கெடக்குது?” என்று தங்கையைக் கேட்டார். அவள் அழுதாள். அவர் டாக்டரம்மாவிடம் வந்தார்.

“அம்மா, தப்பா நெனைக்காதீங்க. புள்ள போயிடிச்சி. போன புள்ளைய வச்சிக்கினு காத்தடிச்சிக்கினு இருக்கீங்க.”

“உயிர் இருக்குங்க. நாடியப் பிடிச்சுப் பாருங்க.”

அவர் பிடித்துப் பார்த்தார். “நீங்க அமுக்கறீங்க, அது அடிக்குது. நிறுத்தினா நின்னுடும். அது எப்பிடி உயிருன்றீங்க?”

தண்டபாணி கெட்ட மனிதர் இல்லை. சத்தம் போடவும் இல்லை. “எங்க அண்ணிய இப்பிடித்தான் ஒரு ஊர்ல வச்சிருந்தாங்க. எல்லாரும் வெளிய குந்திக்கினு இருந்தோம். உள்ள எப்ப போச்சின்னே தெரியல. வூட்டுல வச்சிப் பாக்கக் குடுத்துவைக்கல. இந்தப் புள்ளைக்கு அது வேணாம். குள்ளஞ்சாவடி பக்கம் பாம்புக்கடிக்குப் பார்வ பாத்து மந்திரிக்கறவரு ஒருத்தரு இருக்காரு. அவரு கிட்டயும் காட்டிட்டு வூட்டுக்கு இட்டுக்கினு போயிடறோம்” என்றார். வெளியே வேன் உறுமிக்கொண்டே நின்றது.

பெற்றவர்கள் கூட்டிப் போகிறோம் என்றால் எங்களால் தடுக்க முடியாது. டாக்டரம்மா கலியபெருமாளைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க. நீங்கதான அப்பா.”

அவர் பையை அமுக்கிக்கொண்டே இருந்தார். கரி அப்பிய கன்னத்தில் வேர்வை கோடு போட்டு இறங்கியது. “எனக்கு ஒண்ணும் தெரியலிங்க” என்றார். பிறகு, “கை வலிக்குதுங்க” என்றார். அப்படிச் சொன்ன மனிதர் தன் கையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது. எல்லோருக்கும் முன்னால் அவர் விட்டுவிடுவார் போலிருந்தது. எனக்கு அஞ்சலாட்சியின் நினைப்புதான். இதெல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டிருக்கிறது.

அப்போது கொளஞ்சி பேசினாள். காலையிலிருந்து மகளின் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தவள். அழுகை இல்லாத குரலில், “வெரலு ஆடிச்சி” என்றாள்.

“உனக்குத் தோணுதும்மா” என்றார் தண்டபாணி.

“இல்லண்ணா. காலு கட்ட வெரலு. அந்த ஆடு கத்தும்போது ஆடுது. முன்னயும் ஆடிச்சி. நாந்தான் தேய்க்கறதால ஆடுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

டாக்டரம்மா போர்வையை முழங்கால் வரை விலக்கினார். “யாரும் தொடாதீங்க. ஆரோக்கியசாமி, அந்த ஆட்டுப் படத்தத் திருப்பிப் போடுங்க.”

கேசட் பின்னால் சுற்றியது. எல்லோரும் அந்தச் சின்னக் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நகத்தில் பழைய மருதாணி பிறை போல மிச்சமிருந்தது. இசை வந்தது. ஆடு நடந்தது, குழலை மோந்தது, விழுங்கியது. கத்தியது. குழல் ஊதி முடித்தது.

விரல் அசையவில்லை.

தண்டபாணி, “போதுங்கம்மா” என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டுக் குழந்தையின் முதுகுக்கடியில் கையைக் கொடுத்தார். டாக்டரம்மா நகர்ந்து அவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றார். அவர் தோளுக்குக்கூட இல்லை அந்த அம்மாள். “இன்னும் ஒரு தடவ” என்றார்.

ஆரோக்கியசாமி அண்ணன் பொத்தானை அமுக்கினார். விசிஆர் கரகரவென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. பக்கவாட்டில் தட்டினார். மறுபடி தட்டினார். கேசட் போடுகிற மூடியைத் திறந்தால் நாடா முழுக்கக் குடல் போல வெளியே வந்து உருளைகளில் சுற்றிக்கொண்டு கிடந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்த முகம் எனக்கு மறக்கவில்லை. வார்டு முழுக்க அமைதி. பை அமுங்குகிற சத்தம் மட்டும்.

அந்த அமைதியில் ஆரோக்கியசாமி அண்ணன், நாற்பது வயது தாண்டிய மனிதர், காக்கி உடுப்பில் டிவி முன்னால் நின்றுகொண்டு, “மேஏஏ” என்று கத்தினார். கத்திவிட்டுக் கன்னத்தை உப்பிப் பாஆஆம் என்று ஊதினார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்த ஒரு பிள்ளை தன் கட்டிலிலிருந்து சேர்ந்துகொண்டது. பிறகு இன்னொன்று. கேசட்டை மனப்பாடம் செய்திருந்த வார்டு முழுக்க ஒரே குரலில், ஆடு எங்கே நிற்கும், எங்கே கத்தும், குழல் எவ்வளவு நீளம் ஊதும் என்று அச்சுப் பிசகாமல், ஆட்டுக் கதையை வாயாலேயே ஓட்டியது.

கட்டை விரல் மடங்கியது. நிமிர்ந்தது. கொஞ்சந்தான். ஆனால் எல்லோரும் பார்த்தோம்.

“அஞ்சலாட்சி” என்று டாக்டரம்மா குனிந்து கூப்பிட்டார். “நான் சொல்றது கேட்டா இன்னொரு தடவ மடக்கு.”

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மடங்கியது.

தண்டபாணி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “மாமன் சொன்னதெல்லாம் கேட்டுக்கினா இருந்த” என்று அவள் பாதத்தைப் பார்த்துக் கேட்டார். எழுந்து வெளியே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். வேன் சத்தம் நின்றது. முழங்கை வரை ஈரத்தோடு திரும்பி வந்து, கலியபெருமாள் பக்கத்தில் நின்று, “நவுருய்யா” என்றார். பையை வாங்கிக்கொண்டார். “சிஸ்டரம்மா, எப்பிடி அமுக்கணும்?”

கலியபெருமாள் சுவரோரம் சரிந்து, உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப்போனார். அவர் விரல்கள் தூக்கத்திலும் மடங்கி விரிந்தபடி இருந்தன.

பொழுது சாயும் நேரத்தில் பெரியவர்கள் பிரிவிலிருந்து அந்த இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கொளஞ்சி அதைத் தொட்டுக் கும்பிட்டாள். எப்படி அது திடீரென்று கிடைத்தது என்று அவர்கள் யாரும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும். நான் அதன் குழாய்களை மாற்றிப் பொருத்திக்கொண்டிருந்தபோது, நடைவாசலில் அந்த முதியவரின் மனைவி ஒரு ஒயர் கூடையோடு நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “புள்ளைக்கு எப்படி இருக்கு?” என்று என்னிடம் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். “சரிம்மா” என்று போனார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மறுநாள் இமை லேசாகத் துடித்தது. அதற்கடுத்த நாள் கண் திறந்தது. குழாயை எடுத்தபின் தொண்டை கரகரக்க அஞ்சலாட்சி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “அந்த ரயிலு வூட்டுக்குப் போச்சா?”

“போச்சு” என்றேன். வேலைக்கு நடுவில் நானும் முடிவைப் பார்த்ததில்லை. அவள் படம் பார்க்க வேண்டும் என்றாள். சிக்கிய நாடாவைக் கத்தரித்துக் குப்பையில் போட்டிருந்தார்கள். வார்டுப் பிள்ளைகள்தான் அவள் கட்டிலைச் சுற்றி நின்று ஆட்டையும் கரடியையும் நடித்துக் காட்டினார்கள். தண்டபாணி ஒரு தடவை கரடியாக நடித்தார் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

போன மாதம் தம்பி மகனை அந்த ரயில் படத்தைப் போடச் சொன்னேன். மாவு கையில் காய்ந்து வெடிக்கிற வரை நின்று பார்த்தேன். ரயில் வீட்டுக்குப் போகவில்லை. கடைசித் தும்மலில் தண்டவாளம் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். ஒரு சூரியகாந்திக் காட்டுக்குள் போய் நின்று, மறுபடி தும்மலாமா என்று யோசிக்கிறது, அதோடு படம் முடிகிறது. “ஏன் அத்தை, இதுக்குப் போய் அழுவுறீங்க?” என்றான் அவன். சூரியகாந்தி இவ்வளவு மஞ்சளாக இருக்கிறதே என்றேன்.

கலியபெருமாள் அதன்பின் வருஷா வருஷம் பழக் காலத்தில் தோளில் ஒரு பலாப்பழத்தோடு என்னைப் பார்க்க வருவார். எங்க மரத்துதுங்க என்பார். வீட்டுக்குள் உட்கார மாட்டார். நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டு, அஞ்சலாட்சி என்ன படிக்கிறாள் என்று சொல்வார், பிறகு யாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், திருப்பூரில் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று சொல்வார். நடுவில் ஆஸ்பத்திரியை மூடினார்கள். கன்னியர்கள் வேறு ஊருக்குப் போனார்கள். கட்டடத்தை இடித்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். ஆரோக்கியசாமி அண்ணன் கல்லறைக்கு ஒரு தடவைதான் என்னால் போக முடிந்தது. வேறு வேலைக்கு மாறி, வேறு தெருவுக்குப் போனபோதும் கலியபெருமாள் என்னைக் கண்டுபிடித்து வந்தார்.

கடைசியாக வந்தபோது பழம் சின்னதாக இருந்தது. வாசலில் இறக்கி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது எங்க மரத்துது இல்லிங்க சிஸ்டரம்மா. பண்ருட்டியில கடையில வாங்கனது. உள்ளார எப்பிடி இருக்குமோ தெரியல.”

அவர்கள் ஊர் சுரங்கத்துக்காக எடுக்கப்பட்டிருந்தது. மச்சான் குடும்பம் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் என்று பிரிந்து போயிருந்தார்கள். புது இடத்தில் கன்று வைத்திருக்கிறேன், காய்க்க நாளாகும் என்றார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. திருப்பூர் விலாசமும் என்னிடம் இல்லை.

முன்பெல்லாம் குறிஞ்சிப்பாடிக்குப் போகும்போது அவர்கள் ஊர் நிறுத்தம் வரும். கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவுவார். ஊர் காலியான பிறகும் கொஞ்ச நாள் பழக்கத்தில் கூவிக்கொண்டிருந்தார். யாராவது ஒருவர் இறங்கி, ரோட்டோரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்புவார்கள் என்று சொல்வார். இப்போது பஸ் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. போன வாரம் புதிதாக வந்திருக்கும் இளம் கண்டக்டரிடம் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி ஒரு டிக்கெட் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு ஸ்டாப்பே இந்த ரூட்டில் கிடையாதும்மா, வேற பஸ்ஸில் ஏறிட்டீங்களா என்று கேட்டார்.